இருதயத் தசையை வளர்த்த வரலாறு

ஊவா மலைநாட்டின் பழைய தோட்ட வாழ்விலே விடியற்பொழுதில் முதலில் எழுந்தது தப்பின் ஒலியே. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலைச் சாரலிலும் பனிமூட்டம் கலையுமுன்னர்ப் பிரட்டுக்களத்திலே தப்பு முழங்கும். அவ்வொலி மேட்டு லயத்தையும் பள்ளத்து லயத்தையும் ஏறக்குறைய ஒரே வேளையிற் சென்றடைய, நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே புறப்படுவர். ஒலி எட்டாத லயம் ஒன்று இருக்குமாயின், அங்குள்ளோர் உடல் வலிமையிற் குறைந்தவர் அல்லராயினும் வேலைக்குப் பிந்தியே வருவர். ஆட்கள் இருப்பது வேறு. அழைப்பு அவர்களை அடைவது வேறு. மனித இருதயத்தின் இயல்பும் இத்தகையதே. உயிருடலின் நுண்ணிய அலகாகிய கலங்கள் நூற்றுக்கணக்கான கோடியாக அங்கே அமைந்துள்ளன. தசைக் கலங்கள் யாவும் ஒரே அழைப்புக்கு முறைப்படி சுருங்கினால்தான் குருதி உடலெங்கும் பாயும். அந்த அழைப்பு மின்னழைப்பாகும்.

இத்தகைய தசைக் கலங்களை உடலுக்கு வெளியே, ஆய்வுகூடத்தின் கண்ணாடித் தட்டிலே வளர்த்தெடுக்க விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வந்துள்ளனர். உணவு கொடுத்தாற் போதும் என்று முதலில் எண்ணினர். ஏற்ற படுக்கையும் வேண்டும் என்று பின்னர்க் கண்டனர். அப்படுக்கை மின்னழைப்பைத் தாங்கிச் செல்லவும் வேண்டும் என்பதை அண்மைக் காலத்திலேயே உணர்ந்தனர். இம்மூன்று படிகளின் வரலாறே இங்கு கூறப்படுவது.

இம்முயற்சி ஏன் வேண்டியதாயிற்று என்பதை முதலில் அறிதல் நன்று. இருதயத்துக்குக் குருதி ஊட்டும் நாடி அடைபடுவதையே மாரடைப்பு என்கிறோம். அந்நாடியை நம்பியிருந்த தசை அப்பொழுது மடிகின்றது. தோலிற் பட்ட வெட்டுக்காயம் ஆறிப் புதுத்தோல் மூடுவதுபோல இருதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. மடிந்த இடத்தில் தழும்பே எஞ்சும். தழும்பு சுருங்கி விரியாது. மின்னழைப்பையும் செவ்வனே கடத்தாது. 2009ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவகத்தின் யோனாஸ் பிரீசன் குழுவினர் இதனை அளந்து காட்டினர். 1950ஆம், 1960ஆம் ஆண்டுகளை அடுத்து நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்திற் பெருகிய கதிரியக்கக் காபனை அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். அதனைக் கொண்டு மனித இருதயத் தசைக் கலங்களின் வயதைக் கணித்தனர். இருபத்தைந்து வயதினரிடத்தே ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு கலங்களே புதியனவாகின்றன. எழுபத்தைந்து வயதில் அவ்வளவும் பாதிக்குக் கீழாகக் குறைந்துவிடுகின்றது. இழந்த தசையை உடல் தானே ஈடுசெய்யாது என்பது இதனாற் புலனாகும். ஈடுசெய்ய வேண்டின், வெளியே வளர்த்துக் கொணர்ந்து ஒட்டுவதே ஒரு வழியாகத் தோன்றிற்று.

இருதயத்துக்கும் மின்னுக்கும் உள்ள தொடர்பு நெடுநாள் ஆய்ந்து அறியப்பட்டதொன்று. இத்தாலியின் பொலோனா நகரத்துக் கல்வானி, தவளையின் கால் மின் பட்டுத் துடிப்பதைக் கண்டு 1791இல் நூலாக வெளியிட்டார். 1856இல் ஜேர்மனியிலே கோலிக்கரும் முல்லரும் துடித்துக்கொண்டிருந்த தவளை இருதயத்தின்மேல் வேறொரு தவளைக் காலின் நரம்பை இட்டனர். இருதயம் துடித்தபொழுதெல்லாம் காலும் துடித்தது. இருதயமே மின்னை எழுப்புகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1887இல் இலண்டனில் ஒகஸ்ரஸ் வோலர் மனித இருதயத்தின் மின்னை உடலைத் திறவாமலே பதிந்து காட்டினார். தம் வளர்ப்பு நாயின் பாதங்களை உப்புநீர்ச் சாடிகளில் நிறுத்தியும் அவர் இதனைச் செய்து காட்டியதுண்டு. இருதயத்தின் இயல்பான துடிப்பு தொடங்கும் சிறு முடிச்சை 1907இல் ஆதர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் கண்டறிந்தனர். இருதயத்தின் பிரட்டுக்களம் அதுவே எனலாம்.

யாவா தீவிலே பிறந்த வில்லெம் ஐந்தோவன், ஒல்லாந்தின் லைடன் நகரத்திலிருந்து இப்பதிவை நுட்பமாக்கினார். அவர் அமைத்த முதற் கருவியை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. நோயாளர் தம் கைகளையும் காலையும் உப்புநீரில் அமிழ்த்தி அமர்ந்திருப்பர். அவருக்கு நொபெல் பரிசு கிடைத்த 1924ஆம் ஆண்டிலேதான் புகைவண்டிப் பாதையும் பதுளை நகரை எட்டிற்று. அன்று ஓர் அறையை நிரப்பிய கருவி, இன்று ஒரு மேசையில் அடங்கி, மலைநாட்டு வைத்தியசாலைகளிலும் பயன்படுகின்றது. மார்பிலே கம்பிகளைப் பொருத்துமுன் தாதியர் குளிர்ந்த களி ஒன்றைத் தடவுவதைப் பலர் அறிவர். தோலுக்கும் உலோகத்துக்கும் இடையே மின் தடையின்றிச் செல்ல உதவுவது அக்களியே. ஐந்தோவனின் உப்புநீர் செய்த பணியை அது செய்கின்றது. மின்கடத்தும் களி என்பது இவ்வாறு நமக்குப் பழக்கமான பொருளே.

இனி, கலங்களை வளர்த்த கதைக்கு வருவோம். 1907இல் அமெரிக்கரான ரொஸ் ஹரிசன் தவளைக் கருவின் நரம்பிழையத்தில் ஒரு துணுக்கை எடுத்து, உறைந்த நிணநீர்த் துளியொன்றிற் பதித்துக் கண்ணாடியின்கீழ் வைத்தார். அங்கு நரம்பிழை வளர்ந்து நீளுவதைக் கண்ணாரக் கண்டார். உடலுக்கு வெளியே உயிர்க்கலம் வளரும் என்பதற்கு அது முதற்பெருஞ் சான்றாயிற்று. உறைந்த நிணநீர் என்பதும் நீரைத் தன்னகத்தே தாங்கி நிற்கும் ஒரு களியே. முதல் வளர்ப்பே களியில் நிகழ்ந்திருந்தும், அக்களியின் பங்கை அன்று ஒருவரும் பெரிதாக எண்ணவில்லை.

ஐந்து ஆண்டுகளின் பின், 1912ஆம் ஆண்டு சனவரி 17ஆந் திகதி, நியூயோர்க்கின் ரொக்பெல்லர் ஆய்வு நிறுவகத்திலே அலெக்சிஸ் கரேல் கோழிக் கருவின் இருதயத்திலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். குருதிநாடிகளைத் தைக்கும் முறையைக் கண்டதற்காக அவ்வாண்டே நொபெல் பரிசு பெற்றவர் அவர். துண்டு வளர்ந்தது, வெட்டிப் பகிர்ந்து மீண்டும் வளர்த்தனர். சாவில்லாத இருதயம் என்று நாளேடுகள் அதனைப் புகழ்ந்தன; ஆண்டுதோறும் அதற்குப் பிறந்தநாள் கொண்டாடின. கரேல் 1944இல் மறைந்த பின்னரும் அது பேணப்பட்டு, 1946இலேயே கைவிடப்பட்டது.

அதே செல்வரின் கொடையால் எழுந்த ரொக்பெல்லர் மன்றம் 1916 முதலாக இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கும் பணியை மேற்கொண்டது என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. கொக்கிப்புழு குருதியை உறிஞ்சும்; குருதி குன்றியோரின் இருதயம் அளவுக்கு மீறி உழைக்க நேரும். கோழி இருதயத்தின் புகழ் உலகெங்கும் பரவிற்று. மலசலகூடம் அமைத்தும் மருந்து ஊட்டியும் நடைபெற்ற இப்பணியோ அத்துணைப் பேசப்படவில்லை. ஆயினும் தோட்டத் தொழிலாளரின் இருதயத்துக்கு அக்காலத்தில் உண்மையாக உதவியது இரண்டாவதேயாம்.

கரேலின் வியப்புக்கு நேர்ந்த முடிவு மாணவர் யாவரும் அறிய வேண்டியது. அவர் வளர்த்த துண்டின் துடிப்பு சில திங்களிலேயே நின்றுபோயிற்று. அதன்பின் வளர்ந்தவை துடிக்கும் தசைக் கலங்கள் அல்ல; தசையிடையே இருந்து நாரை ஆக்கும் கலங்களே. அவையும் உண்மையில் முடிவின்றி வளர்ந்தனவா என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. 1961இல் பிலடெல்பியாவின் லெனாட் ஹேபிளிக்கும் போல் மூர்ஹெட்டும் மனிதரின் இயல்பான கலங்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுகின்றன என்று நிறுவினர். கரேலின் கலங்களுக்கு உணவாக ஊற்றப்பட்ட கருச்சாற்றோடு புதிய கலங்களும் கலந்து சென்றிருக்கலாம் என்பது பலர் கருத்து. பெரியார் ஒருவர் கூறினார் என்பதற்காகவே ஒரு கூற்று நெடுங்காலம் ஐயுறப்படாது நின்றது. உணவை இடையறாது ஊட்டினாற் போதும் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து நிலைத்திருந்தது.

அவ்வெண்ணத்தை மாற்றிய சோதனை ஒன்று 1960ஐ அடுத்த ஆண்டுகளிலே கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. ஐசக் ஹராரி, பாபரா பார்லி என்போர் எலிக்குட்டியின் இருதயத்தை நொதியத்தாற் கரைத்துத் தனித்தனிக் கலங்களாகப் பிரித்துத் தட்டில் இட்டனர். ஒவ்வொரு கலமும் தனியே துடித்தது. ஒவ்வொன்றின் வேகமும் வெவ்வேறாக இருந்தது. அவை பரவி ஒன்றையொன்று தொட்டதும் அவ்வேற்றுமை மறைந்து, தொட்டவை யாவும் ஒரே தாளத்தில் துடிக்கலாயின. அடுத்தடுத்த கலங்களுக்கிடையே நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றினூடாக மின்னேற்றமுள்ள அயன்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, அழைப்பும் உடன் செல்கின்றது. இருதயத் தசையை வளர்ப்பதாவது, இவ்வொற்றுமையையும் வளர்ப்பதாம். உணவு மட்டும் அதனைத் தாராது.

ஆகவே படுக்கையைப் பற்றிய சிந்தனை எழுந்தது. தேயிலைத் தவறணையைக் கண்டோருக்கு இது எளிதில் விளங்கும். ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள சிறு தண்டைப் பையில் நட்டு நீர் தெளித்தால் மட்டும் வேர் விடாது. மண் சிறிது புளிப்புத்தன்மை உடையதாயும், நீர் தேங்காததாயும், நெகிழ்ந்ததாயும் இருத்தல் வேண்டும். மண்ணின் தன்மையே கன்றின் வாழ்வில் பாதி எனலாம். கலத்துக்கும் அவ்வாறே. கண்ணாடியோ வன்மையானது, தசையோ மென்மையானது. வன்தரையிற் கிடக்கும் கலம் தட்டையாகப் பரந்து தன் இயல்பு திரிகின்றது.

மென்மையும் நீரும் ஒருங்கே உடைய பொருள் களி. நோன்புக் காலத்திலே முஸ்லிம் இல்லங்களிற் காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கையளவு பாசி ஒரு பாத்திரம் நீரைப் பிடித்து நிறுத்திவிடுகின்றது. நீண்ட மூலக்கூற்று இழைகள் வலைபோற் பின்னி, கண்ணிகளிலே நீரைச் சிறைப்படுத்துவதே அதன் காரணம். இலங்கைக் கடனீரேரிகளிலே கிடைக்கும் பாசியொன்று சென்ற நூற்றாண்டுகளில் இலங்கைப் பாசி என்னும் பெயராலேயே மேனாட்டு மருந்து நூல்களில் இடம்பெற்றிருந்தது. ஜேர்மனியில் ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில், 1880ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, பற்றீரியாக்களை வளர்க்கக் கடற்பாசிக் களியைப் பயன்படுத்தலாம் என்று கூறியவர் பானி ஹெசே என்னும் மாதரசி. அடுக்களையில் அறிந்ததை அவர் ஆய்வுகூடத்துக்கு ஈந்தார்.

செயற்கையாக அத்தகைய நீர்க்களியை ஆக்கி உடலில் இடத் தக்கதாக்கியவர்கள் செக் நாட்டு ஒற்றோ விக்டர்லேயும் திரகோஸ்லாவ் லீமும் ஆவர். 1960இல் அவர்களது கட்டுரை வெளியாயிற்று. 1961ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே விக்டர்லே தம் வீட்டு மேசையில், பிள்ளைகளின் விளையாட்டுப் பொறித்துண்டுகளால் அமைத்த சுழல்கருவியைக் கொண்டு கண்ணில் அணியும் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். நீர்க்களி உடலோடு பகையின்றி வாழும் என்பதை அவ்வில்லைகள் உலகுக்கு உணர்த்தின. 1997இல் ஜேர்மனியரான தோமஸ் எஷன்காகன் குழுவினர் கோழிக் கருவின் இருதயக் கலங்களைக் கொலாஜன் எனும் புரதக் களியிலே கலந்து வார்த்தனர். சில நாட்களில் அக்களி தசைத்துண்டாகி, தானே சுருங்கி இழுத்தது. கரேல் தேடியதற்கு அது உண்மையான அண்மையாயிற்று.

எனினும் ஒரு குறை எஞ்சியது. களியிலுள்ள உப்புநீர் ஓரளவு மின்னைக் கடத்துமாயினும், களியின் சுவர்கள் கலக்கூட்டங்களைப் பிரித்தே வைத்தன. இங்கொரு கூட்டம் ஒரு தாளத்திலும் அங்கொரு கூட்டம் வேறொரு தாளத்திலும் துடிக்கும். தப்பொலி எட்டாத லயங்களின் நிலை அதுவே. 2004இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் மிலிகா ரடிசிக், கோர்டானா வுஞ்சக்-நோவகோவிக் ஆகியோர் வெளியிலிருந்து அழைப்பைக் கொடுத்துப் பார்த்தனர். எலி இருதயக் கலங்கள் வளர்ந்த கொலாஜன் படுக்கையிலே இருதயத் துடிப்பை ஒத்த மின்னதிர்வுகளைச் செலுத்தினர். எட்டே நாட்களிற் கலங்கள் ஒரு திசை நோக்கி அணிவகுத்தன. ஒருங்கே சுருங்கும் அளவு ஏழு மடங்காயிற்று. மின், கலத்துக்கு வேலை வாங்கும் கட்டளையாக மட்டுமன்றி, அதனை வளர்க்கும் ஆசானாகவும் அமைகின்றது என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்த படி, படுக்கைக்கே மின்கடத்தும் ஆற்றலைத் தருதல். அதற்கான வழி வேறொரு துறையில் முன்னரே திறந்திருந்தது. 1977இல் ஹிடெகி ஷிரகாவா, அலன் மக்டியர்மிட், அலன் ஹீகர் என்னும் மூவர், பிளாத்திக்கு இனத்தைச் சேர்ந்த பொருளும் உலோகம்போல மின் கடத்தக்கூடும் என்று காட்டினர். 2000இல் நொபெல் பரிசு பெற்றனர். 2011இல் தல் டிவிர், டானியல் கொஹானே, ரொபேட் லாங்கர் ஆகியோர் அடங்கிய குழு, கபிலக் கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்றுப் படுக்கையிலே மயிரினும் பன்மடங்கு நுண்ணிய பொன்னிழைகளைத் தூவிற்று. சுவரின் இப்புறத்தையும் அப்புறத்தையும் பொன்னிழை பாலம்போல இணைத்தது. அங்கு வளர்ந்த தசை தடித்தது, சீராக அணிவகுத்தது, மின் தூண்டியபொழுது ஒருமித்துச் சுருங்கிற்று. 2013இல் பொஸ்தனில் அலி கதெம்ஹொசைனி குழுவினர் காபனின் நுண்குழாய்களை ஜெலற்றீன் களியிற் கலந்தனர். எலிக்குட்டியின் கலங்கள் அதில் மூன்று மடங்கு விரைந்து துடித்தன. அவற்றைத் தூண்டத் தேவையான மின்னும் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு குறைந்தது.

காபனின் மற்றொரு வடிவம் இலங்கைக்கு உரிமையுடையது. போகலையிலும் கஹட்டகஹவிலும் பாறையினுள்ளே நரம்புபோல ஓடும் தூய காரீயம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே கப்பலேறிச் சென்றது. உலோகம் உருக்கும் மூசைகள் அதனாற் செய்யப்பட்டன. காரீயத்தின் ஓர் அணுத் தடிப்புள்ள ஏடு கிரபீன் எனப்படும். 2004இல் மான்செஸ்ரரில் அந்திரே கைம், கொன்ஸ்தந்தின் நொவசெலொவ் ஆகியோர் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்து ஆராய்ந்தது அதனையே. இன்று அதன் வகைகளும் இருதயக் கலங்களுக்கான களிகளில் கலக்கப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. 2008இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் நம் நாட்டுக் காரீயத்திலிருந்து கிரபீனைப் பெறும் முறைகளை ஆராய்ந்துள்ளது. மூலப்பொருளைத் தோண்டி அனுப்பிய நாடு அதன் நுட்பத்தையும் கற்க முற்பட்டது நல்ல அறிகுறியே.

கலங்களை எங்கிருந்து பெறுவது என்னும் வினாவுக்கும் விடை கிடைத்தது. 2006இல் எலியின் கலத்தையும், 2007இல் மனிதரின் தோற்கலத்தையும் கருநிலைக்கு மீட்டு, அங்கிருந்து வேண்டிய கலமாக வளர்க்கலாம் என்று யப்பானின் ஷின்யா யமனாகா காட்டினார். அவ்வகைக் கலங்களால் ஆன மெல்லேட்டை 2020இல் யப்பானிலே ஒரு நோயாளரின் இருதயத்தில் முதன்முறையாகப் பொருத்தினர். 2025ஆம் ஆண்டு சனவரியில் ஜேர்மனியின் வொல்பிராம் சிம்மர்மன் குழுவினர், கொலாஜன் களியில் வளர்த்த தசையைக் குரங்குகளிலும் ஒரு நோயாளரிடத்தும் ஒட்டியதையும், அது அங்கே உயிரோடு தங்கியதையும் அறிவித்தனர். அக்களி மின்கடத்தும் பொருள் சேர்க்கப்படாத களி என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே அளவறிந்து மகிழ்தல் வேண்டும். பொன்னும் காபனும் கலந்த களிகள் தந்த நற்பயன் பெரும்பாலும் எலிக் கலங்களிற் கண்டதே. அப்பயன் மின்கடத்தலால் மட்டும் விளைந்ததா, களியின் விறைப்பும் பரப்பும் மாறியதால் விளைந்ததா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். உடலில் கரையாத நுண்பொருள்கள் நாளடைவில் என்ன செய்யும் என்பதும் ஆராயப்பட வேண்டியதே. ஒட்டிய தசை, இருதயத்தின் தாளத்தோடு இசையாது தன் தாளத்தில் துடிக்குமாயின், அதுவே தீங்காய் முடியும். கரேலின் கதையை அறிந்தோர் இவற்றையெல்லாம் பொறுமையுடன் நோக்குவர்.

ஊவாவின் மலைத்தோட்டங்களில் வாழ்வோருக்கு இவ்வரலாறு தரும் பயன் யாது? ஆய்வுகூடத் தசை மலையேறி வர இன்னும் காலம் செல்லும். அதுவரை, இருக்கும் தசையைக் காப்பதே கடன். மாரடைப்பில் நாடி அடைபட்ட நேரம் நீள நீள, மடியும் தசையும் பெருகும். மடிந்தது மீளாது என்பதையே மேற்கூறிய ஆய்வுகள் யாவும் உணர்த்துகின்றன. மார்பிலே இறுக்கமும், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலியும், குளிர்ந்த வியர்வையும் கண்டவரை, வாயுப்பிடிப்பு என்று எண்ணிக் கைவைத்தியத்தில் இரவைக் கழிக்க விடலாகாது. பாதை கரடுமுரடாயினும், பொழுது அகாலமாயினும், பதுளைக்கோ அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கோ அப்பொழுதே கொண்டுசெல்லல் வேண்டும். அங்கே மார்பிலே தடவப்படும் குளிர்ந்த களியும், தாளிலே எழும் கோடும், கல்வானியின் தவளை முதலாகத் தொடர்ந்து வந்த அறிவின் பயனேயாம். அது இன்றே கைக்கெட்டியது.

தப்பொலி எல்லா லயங்களையும் எட்டினாற்றான் தோட்டம் ஒருங்கே எழும். இருதயமும் அவ்வாறே, அறிவும் அவ்வாறே. ஆய்வுகூடத்திற் பிறந்த அறிவு மலையுச்சியின் கடைசி லயத்தையும் சென்றடையும் நாளிலேயே அதனைக் கண்டவர் உழைப்பு நிறைவெய்தும்.